ஆறு பேருக்கு ஏற்காடு, மூன்று பேருக்குக் கொடைக்கானல்

ஒன்பது பேர் கொண்ட ஒரு நண்பர் கூட்டம். பொங்கல் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று ஒரு வாரமாகப் பேச்சு. ஆறு பேருக்கு ஏற்காடு போக ஆசை, மூன்று பேருக்குக் கொடைக்கானல். எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கை தூக்கினால் ஒரு நிமிடத்தில் ஏற்காடு என்று முடிந்துவிடும். ஆனால் நாம் பெரும்பாலும் அப்படி முடிவெடுப்பதில்லை. தெரிந்த நாலு பேரிடம் கேட்கிறோம், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறோம், "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்று தோன்றினால் நம் ஆசையை மடித்து வைத்துவிட்டு அவர்களோடு போய்விடுகிறோம். அந்த "எல்லாரும்" யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஒரு தாளை எடுத்து வரைந்து பாருங்கள், நான் சொல்வதை அப்படியே நம்புவதைவிட அது நல்லது. கொடைக்கானல் கேட்கும் மூவர் முரளி, ஷகிலா, ஸ்டீபன். மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்கள், ஆகவே நடுவில் ஒரு முக்கோணம். ஏற்காடு கேட்கும் ஆறு பேரும் இரண்டிரண்டு பேராக மூன்று அறைகளில் தங்கியிருக்கிறார்கள். அறைத்தோழரோடு ஒரு கோடு. முதல் அறைக்காரர்கள் இருவருக்கும் முரளியையும் ஷகிலாவையும் தெரியும், இரண்டாம் அறைக்கு ஷகிலாவும் ஸ்டீபனும், மூன்றாம் அறைக்கு ஸ்டீபனும் முரளியும். ஆளுக்கு ஒரு புள்ளி, அறிமுகத்துக்கு ஒரு கோடு, மொத்தம் 18 கோடுகள். கிராஃப் தியரி, தமிழில் கோட்டுருவியல், என்று கணிதத்தில் சொல்வது இதைத்தான். புள்ளியும் கோடும் தவிர அதில் வேறொன்றும் கிடையாது.

இப்போது அறையில் இருக்கும் ஆறு பேரில் ஒருவராக உங்களை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அறைத்தோழர் ஏற்காடு என்கிறார், மற்ற இருவரும் கொடைக்கானல் என்கிறார்கள். சரி, பெரும்பாலானவர்களுக்குக் கொடைக்கானல்தான் பிடித்திருக்கிறது போல என்று முடிவு கட்டுகிறீர்கள். நீங்கள் மட்டுமில்லை, ஆறு பேருமே அப்படித்தான் முடிவு கட்டுகிறார்கள். ஒன்பதில் ஆறு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை, ஆனால் அந்தப் பெரும்பான்மையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன்னைச் சிறுபான்மை என்று நினைக்கிறார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் யாரையும் மிரட்டவில்லை, கோடுகள் போன வழி அப்படி. கிறிஸ்டினா லெர்மனும் அவரோடு வேலை செய்தவர்களும் 2016-இல் இதைப் பற்றி எழுதியபோது 'பெரும்பான்மை மாயை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள், பொருத்தமான பெயர்.

இதற்கு அடியில் இன்னும் பழைய விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991-இல் காட்டியது: சராசரியாகப் பார்த்தால், உங்களைவிட உங்கள் நண்பர்களுக்கு நண்பர்கள் அதிகம். முதலில் கேட்டால் மனசு கொஞ்சம் வலிக்கும், ஆனால் காரணம் ரொம்ப எளிது. நிறைய பேரைத் தெரிந்தவர் நிறைய பேருடைய நண்பர் பட்டியலில் வருவார், யாரையும் தெரியாதவர் யார் பட்டியலிலும் வரமாட்டார். நம் ஒன்பது பேரில் ஒருவருக்குச் சராசரியாக 4 நண்பர்கள். ஒவ்வொருவரும் தன் நண்பர்களை வரிசையாகச் சொல்லி, அந்த நண்பர்களுக்கு எத்தனை நண்பர்கள் என்று சராசரி எடுத்தால் 4.5 வருகிறது. ஆக, நம்மைச் சுற்றிப் பார்க்கும்போது நாம் பார்ப்பது ஊரை அல்ல, ஊரில் நிறைய தொடர்பு உள்ளவர்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அவர்களுக்கு என்ன பிடிக்கிறதோ அதுவே ஊருக்குப் பிடித்ததாகத் தெரிகிறது.

அடுத்த நாள் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் தன்னைச் சுற்றியுள்ள பெரும்பான்மைப் பக்கம் மாறுவார் என்று வைத்துக்கொள்வோம், எல்லோரும் ஒரே நேரத்தில். ஆறு பேரும் கொடைக்கானலுக்கு மாறுகிறார்கள். ஆனால் முரளியைச் சுற்றி இருப்பது ஆறு பேர், அதில் நாலு பேர் நேற்று ஏற்காடு என்றவர்கள், ஆகவே முரளி ஏற்காட்டுக்கு மாறுகிறார், ஷகிலாவும் ஸ்டீபனும் அதே மாதிரி. மறுநாள் விடிந்தால் எல்லாம் தலைகீழ்: மூவர் ஏற்காடு, ஆறு பேர் கொடைக்கானல். அதற்கும் மறுநாள் திரும்பப் பழைய நிலை. இப்படியே முடிவில்லாமல் ஆடிக்கொண்டிருப்பார்கள். இது நான் தேடிப் பிடித்த விசித்திரம் இல்லை. கோலெஸ், ஒலிவோஸ் என்ற இருவர் 1980-இல் நிறுவிய தேற்றம் ஒன்று உண்டு: கோடுகள் இரு பக்கமும் சமமாக இருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பெரும்பான்மையைப் பின்பற்றினால், எவ்வளவு பெரிய கூட்டமாக இருந்தாலும் கடைசியில் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, ஓரிடத்தில் நிலைத்து நின்றுவிடும். இல்லையென்றால் இரண்டு நிலைகளுக்கு நடுவே மாறி மாறி ஆடும். மூன்று நிலைச் சுழற்சி, ஏழு நிலைச் சுழற்சி என்றெல்லாம் வரவே வராது. பத்து பேருக்கும் இதுதான், பத்துக் கோடிப் பேருக்கும் இதுதான்.

அப்புறம் நிஜ மனிதர்கள் எல்லோரும் ஒரே நொடியில் மாறுவதில்லை. நடுவில் இருக்கும் மூவரும் பிடிவாதமாக இருந்தால் ஒரே நாளில் ஒன்பது பேரும் கொடைக்கானல். அறைக்காரர்கள் பிடிவாதமாக இருந்தால் ஒரே நாளில் ஒன்பது பேரும் ஏற்காடு. அதே ஆட்கள், அதே ஆசை, அதே 18 கோடுகள், யார் முதலில் அசைகிறார் என்பது மட்டும் வேறு.

கும்பலுக்கு அறிவு உண்டு என்று சொல்கிறவர்கள் எடுத்துக்காட்டும் கதை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் பிளைமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டைக் காட்டி, அறுத்துச் சுத்தம் செய்தபின் என்ன எடை வரும் என்று போட்டி வைத்தார்கள். ஆறு பென்ஸ் கொடுத்துச் சீட்டு வாங்கி எடையை எழுதிப் போட வேண்டும். பிரான்சிஸ் கால்டன் அந்தச் சீட்டுகளை வாங்கி, படிக்க முடிந்த 787 சீட்டுகளை வரிசைப்படுத்தி, 1907-இல் நேச்சர் இதழில் எழுதினார். நடுமதிப்பு 1,207 பவுண்டு, உண்மையான எடை 1,198 பவுண்டு. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலரும் மாட்டையும் எடையையும் சொல்லிவிட்டுச் சீட்டை விட்டுவிடுகிறார்கள். உயிர்நாடியே அந்தச் சீட்டுதான். அவரவர் தனியாக எழுதிப் போட்டார்கள், பக்கத்தில் இருப்பவர் என்ன எழுதினார் என்று பார்த்து மாற்றிக்கொள்ளவில்லை. ஒருவர் கூட்டிச் சொன்ன தவறும் இன்னொருவர் குறைத்துச் சொன்ன தவறும் அடிபட்டுப் போக அதுதான் இடம் கொடுத்தது. பிரான்சின் கொண்டோர்சே 1785-லேயே இதன் கணக்கைச் சொல்லியிருந்தார்: ஒவ்வொருவரும் 60 சதவீதம் சரியாகச் சொல்லக்கூடியவர் என்றால், 101 பேரின் பெரும்பான்மை ஏறத்தாழ 98 சதவீதம் சரியாகச் சொல்லும். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்த நிபந்தனை போய்விட்டால் கணக்கும் போய்விடுகிறது.

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வருவதற்கு மாரிஸ் டிகுரூட் என்ற புள்ளியியலாளர் 1974-இல் ஒரு கணக்கு கொடுத்தார். ஒவ்வொரு முறையும் நீங்கள் உங்கள் கருத்தையும் உங்களுக்குத் தெரிந்தவர்களின் கருத்துகளையும் சேர்த்துச் சராசரி எடுத்து அதை உங்கள் புதுக் கருத்தாக்கிக்கொள்கிறீர்கள், எல்லோரும் அப்படியே செய்கிறார்கள், திரும்பத் திரும்ப. வலை துண்டு துண்டாக இல்லாமல் சேர்ந்திருந்தால் கடைசியில் எல்லோரும் ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள். எந்த எண்ணில் என்பதுதான் கவனிக்க வேண்டியது. நம் பயணத்துக்கே வருவோம். தலைக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று கேட்டால் அறைக்காரர்கள் ஆறு பேரும் 3,000 ரூபாய் என்கிறார்கள், முரளி, ஷகிலா, ஸ்டீபன் மூவரும் 9,000 என்கிறார்கள். ஒன்பது சீட்டு எழுதிப் போட்டுச் சராசரி எடுத்தால் 5,000. பேசிப் பேசிச் சராசரி எடுத்தால் போய் நிற்பது 5,800. அந்த 800 ரூபாய் எங்கிருந்து வந்தது? இப்படிச் சமமாகச் சராசரி எடுக்கும்போது ஒவ்வொருவருடைய கருத்துக்கும் கிடைக்கும் கனம், அவருக்கு எத்தனை கோடுகள் என்பதோடு ஒன்று கூட்டிய அளவு. நடுவில் இருப்பவருக்கு 7, அறையில் இருப்பவருக்கு 4. யாருக்கும் யார் மேலும் கூடுதல் மதிப்பு கிடையாது, எல்லோரையும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள், ஆனாலும் முரளியின் கருத்து இரண்டு பக்கமிருந்தும் சுற்றி வந்து பலமுறை எண்ணப்பட்டுவிடுகிறது.

கோலப், ஜாக்சன் இருவரும் 2010-இல் இதை இன்னும் கூர்மையாகச் சொன்னார்கள். கூட்டம் பெரிதாகப் பெரிதாக, அதில் மிக அதிகச் செல்வாக்கு உள்ளவரின் பங்கு பூஜ்ஜியத்தை நோக்கிக் குறைந்துகொண்டே போனால் மட்டுமே இந்த மாதிரிக் கூட்டம் உண்மைக்குப் பக்கத்தில் போய்ச் சேரும். ஒரே ஒருவர் கையில் எப்போதும் ஒரு சதவீதம் தங்கிவிட்டால் போதும், கோடிப் பேர் சேர்ந்தாலும் அவருடைய தவறு கரையாது.

இதெல்லாம் தாளில் போட்ட கணக்கு, நிஜ மனிதர்கள் இவ்வளவு எளிமையாகவா நடந்துகொள்வார்கள் என்ற கேள்வி எனக்கும் இருந்தது. அதனால்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கெர்ன்ஸும் அவரது சகாக்களும் செய்த சோதனைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கணினி அறிவியலில் வரும் கடினமான கணக்குகளை ஒரு அறை நிறைய மாணவர்களிடம் கொடுத்து, ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, திரையில் பக்கத்துப் புள்ளிகள் மட்டும் தெரியும், காசு உண்டு, கடிகாரம் ஓடுகிறது, தீர்த்துக் காட்டுங்கள் என்றார்கள்.

முதல் சோதனை 2006-இல் சயின்ஸ் இதழில் வந்தது. 38 பேர், ஒவ்வொருவரும் ஒரு புள்ளி, கோடு போட்டு இணைத்த இருவருக்கு ஒரே நிறம் இருக்கக் கூடாது. பரீட்சை அட்டவணை போடுவதும் இதே கணக்குத்தான், ஒரே மாணவர் எழுத வேண்டிய இரண்டு தாள்கள் ஒரே வேளையில் வரக் கூடாது என்பதுதானே அங்கும் பாடு. மூன்று நிறம் போதுமா என்று பொதுவாகக் கேட்டால் அது கணினிக்கே கடினமான கேள்விகளில் ஒன்று. 38 புள்ளிகளுக்கு மூன்று நிறம் போடும் வழிகள் ஏறத்தாழ 13,500 கோடி கோடி, எல்லாக் கோட்டுருவுக்கும் வேகமாகச் செல்லும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் சோதனையில் கொடுத்த சிலவற்றுக்கு இரண்டு நிறமே போதும். 38 பேர் வட்டமாகக் கைகோத்து நிற்பது போன்ற வலை, சிவப்பு நீலம் சிவப்பு நீலம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் முடிந்தது. சின்னக் குழந்தைக்கும் மேலிருந்து பார்த்தால் தெரியும். உள்ளே ஒரு புள்ளியாக நின்றால்தான் பாடு தெரியும். உங்களுக்குத் தெரிவது இடப் பக்கத்து ஆளும் வலப் பக்கத்து ஆளும் மட்டுமே. வட்டத்தின் ஒரு பக்கம் சிலர் சிவப்பில் தொடங்கி ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், எதிர்ப் பக்கம் சிலர் நீலத்தில் தொடங்கி அவர்களும் ஒழுங்காக வருகிறார்கள், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருவர் சிவப்பு. ஒருவர் விட்டுக்கொடுத்து நீலத்துக்கு மாறினால் மோதல் தீரவில்லை, அடுத்த ஆளிடம் தள்ளப்படுகிறது. அவர் மாறினால் அதற்கு அடுத்தவர். யாரும் தவறு செய்யவில்லை, ஆனால் பாதி வட்டம் முழுவதும் நிறம் மாற வேண்டியிருக்கிறது.

நடத்திய 38 ஆட்டங்களில் 31-இல் ஐந்து நிமிடத்துக்குள் தீர்த்துவிட்டார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம். அதைவிட, வெறும் வட்டத்துக்குச் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆன இடத்தில், வட்டத்துக்குக் குறுக்கே இருபது கோடுகளைப் போட்டதும் ஒரு நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிட்டது. குறுக்குக் கோடு என்றால் கூடுதல் நிபந்தனை, ஒவ்வொருவரும் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆட்கள் அதிகம், அப்படியிருந்தும் வேகம் கூடியது, ஏனென்றால் எதிர்ப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்ற சேதி அந்தக் கோடு வழியாக வந்துவிடுகிறது. ஆனால் சிலருக்கு மட்டும் ஏராளமான கோடுகளும் பலருக்குச் சிலவும் இருக்கும் வகை வலையில் மக்கள் திணறினார்கள். அங்கே வலை முழுவதையும் திரையில் காட்டியது உதவவில்லை, இன்னும் குழப்பியது. வட்டத்தில் அதே முழுப் படம் உதவியது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தால் நல்ல முடிவு வரும் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம், வலையின் வடிவத்தைக் கேட்காமல் அதைச் சொல்ல முடியாது என்று நான் அங்கே கற்றுக்கொண்டேன்.

பின்னால் 2010-இல் வந்த சோதனையில் நிறம் பிரிக்கும் கணக்கையும், எல்லோரும் ஒரே நிறத்துக்கு வரும் கணக்கையும் அதே வலைகளில் வைத்துப் பார்த்தார்கள். சின்னச் சின்ன நெருக்கமான குழுக்களாக இருந்த வலையில் சில கோடுகளை அறுத்துத் தூரத்து ஆட்களோடு கட்டக் கட்ட, ஒன்றுபடுவது எளிதானது, வேறுபடுவது கடினமானது. வேலையைப் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டிய குழுவுக்கும் ஒரே தேதியில் ஒத்துப்போக வேண்டிய குழுவுக்கும் ஒரே விதமான தொடர்பு ஏற்பாடு சரிப்படாது.

ஆனால் எல்லாவற்றிலும் என் மனசில் தங்கிவிட்டது 2009-இல் வந்த வாக்குச் சோதனை. 36 பேர், சிவப்பு அல்லது நீலம், ஒரு நிமிடம். நிமிடம் முடிவதற்குள் 36 பேரும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் காசு, ஒருவர் பிசகினாலும் யாருக்கும் ஒன்றுமில்லை. சிலருக்குச் சிவப்பு வந்தால் அதிகக் காசு, சிலருக்கு நீலம் வந்தால் அதிகம். ஒரு வகை ஆட்டத்தில் சிறுபான்மையின் விருப்பம் ஒரு நிறமாகவும், ஆனால் வலையில் அதிகக் கோடுகள் அவர்களுக்கே இருக்கும்படியும் அமைத்தார்கள். அப்படி 27 ஆட்டங்கள். அதில் 24 ஆட்டங்கள் ஒருமித்த முடிவில் முடிந்தன, அந்த 24-லும் ஜெயித்தது சிறுபான்மை. ஒன்றிலாவது பெரும்பான்மை ஜெயித்திருக்கும் என்று நினைத்துப் படித்தேன், இல்லை. தங்களுக்குக் குறைந்த காசு தரும் நிறத்துக்குப் பெரும்பான்மையே மனமொத்துப் போனது. அந்தச் சிறுபான்மைக்குத் தாங்கள் சிறுபான்மை என்றும் தெரியாது, தங்களிடம் அதிகாரம் இருக்கிறது என்றும் தெரியாது. நம் முரளி, ஷகிலா, ஸ்டீபன் கதைதான், இந்த முறை நிஜ ஆட்களோடு, நிஜக் காசோடு.

எங்கள் குடியிருப்பில் ஒருமுறை மேல்நிலைத் தொட்டி வேலையை ஒரே ஆளிடம் கொடுப்பது என்று முடிவானது. எல்லோருக்கும் சம்மதம் என்றார்கள். பின்னால் வேலை கெட்டுப்போனபோது வீடு வீடாகப் போய்க் கேட்டேன், முதலில் யார் சொன்னது என்று. இருபது வீட்டுக்கும் மேல், எல்லாப் பேச்சும் இரண்டே வீடுகளில் போய் நின்றது. அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் நல்லவர்கள், தங்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கோடுகள் எங்கே குவிகின்றன என்று தெரிந்தவருக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. விளம்பரத்துக்கோ வதந்திக்கோ முதலில் யாரைப் பிடித்தால் அதிகம் பேருக்குப் பரவும் என்ற கேள்வியை கெம்பே, கிளைன்பெர்க், டார்டோஸ் மூவரும் 2003-இல் ஒரு கோட்டுருவியல் கணக்காக எழுதினார்கள். சரியான ஆட்களை மிகச் சரியாகக் கண்டுபிடிப்பது நிறம் பிரிப்பதைப் போலவே கடினம். ஆனால் ஒவ்வொரு முறையும் இப்போதைக்கு அதிகம் பரப்பக்கூடிய ஒருவரைச் சேர்த்துக்கொண்டே போகும் சாதாரண வழி, அவர்கள் எடுத்துக்கொண்ட பரவல் வகைகளில், அதிகபட்சத்தில் 63 சதவீதமாவது தரும் என்று நிறுவினார்கள். அந்த வழியைக் கையாள யாருக்கும் பெரிய படிப்பு தேவையில்லை என்பதுதான் கவலை.

கேட்கும் வரிசையும் கோடு மாதிரியே வேலை செய்கிறது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி 1992-இல் இரண்டு உணவகங்களை வைத்து இதைக் காட்டினார். ஒருவர் பின் ஒருவராகத் தேர்ந்தெடுக்கும்போது, முன்னால் போன சிலர் ஒரே பக்கம் போய்விட்டால் பின்னால் வருகிறவர் தன் கையில் இருக்கும் தகவலை ஒதுக்கிவிட்டு அந்தப் பக்கமே போவது அவர் வரையில் புத்திசாலித்தனம், ஆனால் அதோடு அவருக்குத் தெரிந்த உண்மை மற்றவர்களுக்குப் போய்ச் சேராமல் அவரோடு நின்றுவிடுகிறது. இதை மாடல் எதுவும் போடாமலே தெரிந்துவைத்திருந்த இடங்களும் உண்டு. இந்திய ராணுவ நீதிமன்றத்தில் உறுப்பினர்கள் தங்கள் கருத்தைச் சொல்லும்போது பதவியில் கடைசியில் இருப்பவர் முதலில் சொல்ல வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. மேலதிகாரி வாய் திறந்த பிறகு இளையவரின் கருத்தைக் கேட்டால் கிடைப்பது மேலதிகாரியின் கருத்துதான். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு குடவோலை முறைக்காகப் பேசப்படுகிறது, எனக்கு அதில் பிடித்தது வேறொரு வரி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள் என்று உறவுகளையும் வரிசையாகச் சொல்லி அவர்கள் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது என்கிறது. ஒரு புள்ளியை நீக்கும்போது அதோடு கோடு போட்ட புள்ளிகளையும் சேர்த்து நீக்கியிருக்கிறார்கள்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்றால் கடைசியாக ஒன்று செய்து பாருங்கள். முரளி, ஷகிலா, ஸ்டீபன் மூவரையும் தொட வேண்டாம், யாருடைய ஆசையையும் மாற்ற வேண்டாம். முதல் அறையில் ஒருவரை இரண்டாம் அறையில் ஒருவரோடும், இரண்டாம் அறையின் இன்னொருவரை மூன்றாம் அறையில் ஒருவரோடும், மூன்றாம் அறையின் இன்னொருவரை முதல் அறையில் மிச்சம் இருப்பவரோடும் இணையுங்கள். மூன்றே கோடுகள், ஆறு பேரும் ஒரு வட்டமாகிவிட்டார்கள். இப்போது ஒவ்வொருவரையும் சுற்றி இருவர் ஏற்காடு, இருவர் கொடைக்கானல், சரிசமம், ஆகவே யாரும் தன் ஆசையை விட வேண்டிய அவசியம் இல்லை. முரளியைச் சுற்றி இன்னும் நாலு பேர் ஏற்காடுதான் என்கிறார்கள். மறுநாள் அவர் மாறுகிறார், ஷகிலாவும் ஸ்டீபனும் மாறுகிறார்கள், ஒன்பது பேரும் ஏற்காடு, அதற்குப் பிறகு எதுவும் ஆடவில்லை.